கொட்டிலுக்குப் பதில் வீடு

மெயர்டிங்க் பண்ணை, ரூர்லோ
6 மார்ச் 2005

அன்புத் தம்பி ரைன்ட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிர் இருக்கிறது, முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் ஐலீனும் சுகம்தானே? கிறிஸ்துமஸ் கார்டில் இரண்டு பேர் பெயரையும் நீயே எழுதி ஒப்பேற்றிவிட்டாய். அதன்பின் ஒரு வரி கிடையாது. போனில் பேசு என்று மட்டும் சொல்லாதே. உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, எனக்கோ காது மந்தம். போன தடவை "ஆ? என்ன?" என்று கத்தியே இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு டெர்க் லென்சிங்க் போய்விட்டார். பதறாதே, சாகவில்லை. மகள் வந்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவர் வீட்டைப் பட்டணத்துக்காரர்கள் குதிரை வளர்க்க வாங்கியிருக்கிறார்கள். எப்போதாவது சனிக்கிழமை வருவார்கள். மற்ற நாட்களில் குதிரைகள்தான் குடித்தனம்.

ஆக, எனக்கு முதல் அண்டை இல்லை. நியூசிலாந்து போனவனுக்கு இதெல்லாம் மறந்துபோயிருக்காது என்று நினைக்கிறேன். நாளைக்கே நான் கண்ணை மூடினால் என்னைக் குளிப்பாட்டுவது யார், வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்வது யார்? வீட்டு ஆட்கள் சொல்லக் கூடாது, முதல் அண்டைதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்கு வீட்டு ஆட்களும் இல்லை, அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியில் ஒரு திட்டம் இருக்கிறது. வெளியில் இந்த வயல்களுக்கு நடுவே ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள், உனக்கே தெரியும். ஆனால் சும்மா கிடக்கும் பன்றிக் கொட்டில்களை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கினால், அதற்குப் பதிலாக அதே முற்றத்தில் ஒரே ஒரு புது வீடு கட்டிக்கொள்ள உரிமை தருகிறார்கள். ஒன்று போனால் ஒன்று வரலாம்.

அந்த ஒன்று உனக்கு. மாடுகளை விற்றுவிட்டாய், பிள்ளை குட்டி இல்லை, அங்கே இரண்டு கிழங்களும் மழையைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? வந்துவிடுங்கள். கொட்டில்களை இடிக்கச் சொல்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா யன்னா


வின்டன், நியூசிலாந்து
22 மே 2005

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஐலீன் உன்னை விசாரித்தாள். முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. வேலி சரிந்து கிடந்தது, அதில் நாள் போய்விட்டது.

டெர்க் போனது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொட்டில்களை இடிப்பது நல்ல யோசனை. அந்தக் கூரையெல்லாம் கல்நார் கலந்தது, அந்தத் தூசி உன் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டைப் பற்றித்தான் சட்டென்று சொல்ல முடியவில்லை. ஐலீன் இந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். அவளை விட்டுவிட்டு நான் எப்படி வருவது?

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ரைன்ட்


மெயர்டிங்க் பண்ணை
19 ஜூன் 2005

அன்புத் தம்பிக்கு,

நலம், நல்ல கோபத்தில் இருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி?

நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் அளக்கிற சக்கரம், காலில் வெள்ளைச் செருப்பு. சேற்றில் இரண்டடி வைத்ததுமே அது வெள்ளையாக இல்லை. முற்றம் முழுக்கச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் இடிக்கணும்மா."

"எல்லாத்தையுமா? கோழிக் கூண்டு?"

"அதையும்தான். பயன்படாத கட்டடம் ஒண்ணுகூட நிக்கக் கூடாது."

"அப்ப என்னையும் சேத்து இடிப்பீங்களா?"

அவள் சிரிக்கவே இல்லை. "நீங்க கட்டடம் இல்லையேம்மா" என்று சொல்லி எதையோ குறித்துக்கொண்டாள்.

இன்னும் கேள். புது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஒரு அழகுக் குழு இருக்கிறதாம். ஊரின் முகத்துக்குப் பொருந்த வேண்டுமாம். பலகைச் சுவர், தாழ்ந்த கூரை, கறுப்பு நிறம். அதாவது பன்றிக் கொட்டிலை இடித்துவிட்டுப் பன்றிக் கொட்டில் மாதிரியே ஒரு வீடு கட்ட வேண்டும். இதற்குப் படித்தவர்கள் ஏழு பேர் கூடி உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த கோடைக்குள் அஸ்திவாரம் விழ வேண்டும், இல்லாவிட்டால் உரிமை செத்துப்போகும். இடம் காலியாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

ஐலீன் நகர மாட்டாள் என்று நீ ஏன் சொல்கிறாய்? அவளுக்குக் கை இல்லையா? முன்பெல்லாம் உன் கடிதத்தின் அடியில் நம் மொழியில் தப்பும் தவறுமாக இரண்டு வரி கிறுக்குவாள். அதைப் படித்துச் சிரிக்கவே கடிதத்தைப் பிரிப்பேன். அவளை எழுதச் சொல். நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் என் அன்பு. உனக்குக் கொஞ்சம் குறைவாக.
யன்னா


வின்டன்
3 செப்டம்பர் 2005

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? நானும் அப்படித்தான். ஐலீனுக்கு மணிக்கட்டில் வலி, பேனா பிடிக்க முடியவில்லை. அவள் சார்பில் நான் கேட்கிறேன்.

விடாமல் மழை. இப்போது சமையல் என் பொறுப்பு. பட்டாணி சூப் வைத்தேன், அம்மா வைக்கிற மாதிரி கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற பதம் வரவில்லை. ஒரு சட்டி வைத்தால் வாரம் முழுக்க ஓடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். இப்போதும் அங்கே யாராவது இறந்தால் முதல் அண்டைதான் சொல்லப் போகிறாரா? இல்லை, அதெல்லாம் நின்றுபோய்விட்டதா? சும்மா நினைப்பு வந்தது.

ரைன்ட்


மெயர்டிங்க் பண்ணை
30 அக்டோபர் 2005

தம்பி ரைன்ட்டுக்கு,

இருமல் போகவில்லை, ஆனால் நான் போகிற மாதிரியும் இல்லை. ஐலீனின் மணிக்கட்டுக்குக் கற்பூர எண்ணெய் தடவு. உன் சூப்பைக் குடித்துத்தான் வலி வந்திருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில்: நிற்கவில்லை. போன மாதம் பாட்டுக்கார வில்லெம் போனதை அவனுடைய முதல் அண்டை தோனியா விசெலிங்க்தான் கறுப்பு உடுத்தி வந்து சொன்னாள். சைக்கிளில் வந்தாள், அது ஒன்றுதான் புதுசு. ஏன் கேட்டாய்?

கொட்டில்கள் போய்விட்டன. வெள்ளை உடை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு நாலு பேர் வந்து கூரையைப் பிரித்தார்கள். பிறகு இயந்திரம் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒரு கொட்டில் காணோம். நாற்பது வருஷம் அந்தக் கொட்டில்களைச் சபித்துக்கொண்டே வேலை செய்தவள் நான். கடைசிச் சுவர் விழுந்தபோது ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டேன். தூசிக்காக என்று அந்தப் பையன்களிடம் சொன்னேன்.

இப்போது ஜன்னலில் நின்றால் தார்ரோடு வரைக்கும் தெரிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. காற்று நேராக வீட்டுக்குள் வருகிறது. மாலையில் விளக்குப் போட்டால் அந்தப் பெரிய வெறுமைக்கு நடுவில் என் ஒரு விளக்குதான். பயம் இல்லை எனக்கு. ஆனாலும் திரையை இழுத்து விடுகிறேன், முன்பு இழுத்ததே இல்லை.

நேற்று நானே நாலு குச்சி நட்டு உன் வீட்டைக் குறித்தேன். சமையலறை ஜன்னல் ஐலீனுக்கு எந்தப் பக்கம் வேண்டும்? கிழக்கே வைத்தால் காலை வெயில் வரும். என் பக்கம் வைத்தால் என் மூஞ்சி தெரியும். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டு எழுது.

குச்சிகளுக்குக் காவல் இருக்கும்
யன்னா


மெயர்டிங்க் பண்ணை
8 ஜனவரி 2006

ரைன்ட்,

சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. ஒரு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அதற்கு இத்தனை மாதமா? கார்டுகூட இல்லை. கிறிஸ்துமஸ் அன்று தபால்காரன் வரமாட்டான் என்று தெரிந்தும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் குதிரைகள் நினைத்திருக்கும்.

உட்ரெக்ட்டிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. அவள் பெயர் நூர், அவன் ஸ்டெய்ன். எப்படியோ கேள்விப்பட்டு அந்த வீட்டு உரிமையைக் கேட்டார்கள். "என் தம்பி வரான்" என்றேன்.

"எப்ப வராருங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வரும்போது வருவான். உனக்கென்ன?"

பாவம், முகம் சுருங்கிப்போய்விட்டது. அந்தத் திட்டு விழுந்திருக்க வேண்டியது உனக்கு. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ஐலீனுக்கு உடம்பு மோசமா? எதையோ மறைக்கிறாய். சின்ன வயசிலும் இப்படித்தான், உடைத்ததைச் சொல்லாமல் பேச்சைக் குறைத்துக்கொள்வாய். கோடை வருகிறதடா. எனக்கு ஒரு பதில் வேண்டும்.

யன்னா


வின்டன்
19 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

ஐலீன் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் போய்விட்டாள். டெர்க் போனதாக நீ எழுதினாயே, அதற்கும் முன்னால். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், சமையலறைத் தரையில் கிடக்கிறாள். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதினேன், கை நின்றுவிட்டது. சாவை வீட்டு ஆள் எழுதி நான் பார்த்ததே இல்லை. அப்பா போனபோது டெர்க்கின் அப்பா எழுதினார். அம்மா போனபோது டெர்க் எழுதினார். அது வந்தபிறகுதான் நீ எழுதினாய். நானும் அப்படிக் காத்திருந்தேன், யாராவது உனக்குச் சொல்லிவிடுவார்கள், பிறகு நான் எழுதலாம் என்று. முட்டாள்தனம்தான். இங்கே அந்த வழக்கம் யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரன் டிராக்டரில் போகும்போது கை காட்டுவான், நானும் காட்டுவேன். அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

அதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது. கார்டில் பழக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டேன். அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? நீ வீட்டைப் பற்றி எழுதினாய். அவள் இல்லை என்று தெரிந்தால் "இனி அங்கே உனக்கு என்ன வேலை" என்று கேட்பாய். நியாயமான கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் கடிதங்களில் அவள் உயிரோடு இருந்தாள். அவளைச் சுகமா என்று கேட்க உலகத்தில் நீ ஒருத்தி இருந்தாய். ஜன்னல் எந்தப் பக்கம் என்று நீ கேட்டபோது நான் கல்லறைக்குப் போய் அவளிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால்தான் உனக்கும் எழுதவில்லை.

என்னைத் திட்டி எழுது.

ரைன்ட்


மெயர்டிங்க் பண்ணை
5 மார்ச் 2006

ரைன்ட்,

திட்டத் தெம்பில்லை.

செத்துப்போனவளுக்கு நான் ஜன்னல் கேட்டிருக்கிறேன், கற்பூர எண்ணெய் சொல்லியிருக்கிறேன். அவள் என் தம்பி பெண்டாட்டி மட்டுமா? முப்பது வருஷம் எனக்கு எழுதியவள். அவளுக்காக ஒரு நாள் கறுப்பு உடுத்த விடாமல் செய்துவிட்டாயே, பாவி. இப்போது அழலாம் என்று உட்கார்ந்தால் அழுகை வரமாட்டேன் என்கிறது. கடிதத்தில் படித்தது கதையில் படித்த மாதிரி இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல். நீ வருவாயா, மாட்டாயா?

யன்னா


வின்டன்
2 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள்.

வரமாட்டேன். கல்லறைக் கல்லில் அவள் பெயருக்குக் கீழே எனக்கு இடம் விட்டுத்தான் வாங்கினேன். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

உன் தம்பி
ரைன்ட்


மெயர்டிங்க் பண்ணை
11 ஜூன் 2006

அன்புத் தம்பி ரைன்ட்டுக்கு,

நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா? உண்மையைச் சொல், இனிமேல் என்னிடம் பொய் எழுதினால் கையை ஒடிப்பேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்று வெளியே போய் அந்த நாலு குச்சிகளையும் பிடுங்கினேன். மறுபடி நட்டேன். மறுபடி பிடுங்கினேன். குதிரைக்காரர்கள் அன்று பார்த்து வந்திருந்தார்கள், வேலிப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உன்மேல் கோபமா, என்மேல் பரிதாபமா என்று எனக்கே விளங்கவில்லை. நீ வருவாய் என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தேனடா. உன் இருமல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருப்பாய் என்று.

அப்புறம் நூருக்கு போன் போட்டேன். அவளும் ஸ்டெய்னும் இப்போது முற்றத்தில் கேரவனில் இருக்கிறார்கள், பின்னால் அஸ்திவாரம் எழும்புகிறது. சமையலறை ஜன்னல் என் பக்கம். நான் கேட்கவில்லை, அவளே வைத்துக்கொண்டாள்.

கேரவனில் இருப்பவர்கள் முதல் அண்டை ஆவார்களா என்று இங்கே ஒரே வழக்கு. "சக்கரம் வச்ச வீடெல்லாம் வீடா? நாளைக்கே உருட்டிட்டுப் போயிட்டா?" என்று தோனியா முறுக்கிக்கொண்டாள். "நீகூடத்தான் ரெண்டு சக்கரத்துலயே சுத்திட்டிருக்க, உன்ன அண்டைன்னு சொல்லலையா?" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேரவன்தான் பக்கத்தில், ஆகவே நூர்தான் முதல் அண்டை.

அவளைக் கூப்பிட்டு ஐலீனைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதாமல் இருந்ததையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு "என்ன மனுஷன் அவர்" என்பாள் என்று பார்த்தேன். அவள் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப இன்னும் யாருமே சொல்லலையா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல."

"நான் சொல்லட்டுமா? என்ன சொல்லணும்?"

"பேரச் சொல்லு. செத்துட்டாங்கன்னு சொல்லு. மழுப்பாத. உள்ள வரச் சொன்னா போகாத, சாவு சொல்றவ உக்காரக் கூடாது."

முந்தாநாள் போனாள். என் கறுப்புக் கோட்டுத்தான், அவளுக்குத் தொளதொள என்று தொங்கியது. உறவுக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லித் தர மறந்துவிட்டேன். நான் காலையிலேயே கறுப்பு உடுத்தி முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பெண் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். தோனியா வீட்டில் "எப்ப செத்தாங்க?" என்று கேட்டார்களாம். "ரெண்டு வருஷம் ஆகப்போகுது. சொல்றதுக்கு ஆள் இல்ல, அதான் லேட்டு" என்றாளாம். அந்த வாயாடி தோனியாவே உள்ளே போய்ச் சாவுக்கு மரியாதையாகத் திரையை இழுத்து மூடினாளாம். அன்று மாலை இந்த ரோட்டில் ஒரு வீடு விடாமல் திரை மூடியிருந்தது. ஐலீனைப் பார்த்தேயிராதவர்கள் வீட்டில்கூட.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். முன்வாசலில் தட்டினாள். அந்தக் கதவை நாம் எப்போது திறந்தோம்? அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது திறந்ததுதான். மரம் ஊறி இறுகிப்போய்விட்டது. நான் உள்ளேயிருந்து இழுக்க, அவள் வெளியிலிருந்து தள்ள, இரண்டு பேரும் மூச்சு வாங்கி ஒரு வழியாகத் திறந்தோம். தலையெல்லாம் நனைந்து மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட நிற்கிறாள். நேராக நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"யன்னாம்மா, உங்களுக்கு ஒரு சாவு சொல்ல வந்திருக்கேன். உங்க தம்பி சம்சாரம் ஐலீன் செத்துப்போயிட்டாங்க."

எனக்குத் தெரியாததா? மூன்று மாதமாகத் தெரியும். ஆனால் ஒரு மனுஷி என் வாசலில் நின்று அதைச் சொன்னபோது கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன் ரைன்ட். ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அந்தப் பெண் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. மழையில் அங்கேயே நின்றாள்.

ஆக, சொல்லியாயிற்று. ஐலீனுக்குச் செய்ய வேண்டியதை இங்கே செய்துவிட்டோம். நீ அவள் பக்கத்திலேயே இரு, நான் இனிக் கூப்பிட மாட்டேன்.

எனக்கு ஆள் கிடைத்துவிட்டாள். உனக்கு யார் இருக்கிறார்கள்? நீ போனால் எனக்கு யாரடா சொல்வார்கள்? பதில் வராத ஒவ்வொரு மாதமும் நான் என்ன நினைத்துக்கொண்டு தபால்பெட்டியைத் திறப்பது?

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்திரு. அந்த டிராக்டர்காரன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டு. அவன் பேரைக் கேள். என் விலாசத்தை எழுதி அவன் கையில் கொடு.

உன் அக்கா
யன்னா